விராலடிப்பான் கூடு நேரலையில்: வாசகர் கேள்வி – பதில்

விராலடிப்பான் பறவையைப் பற்றியும், அதன் கூட்டை வெப்கேமில் பார்ப்பது பற்றியும் இராமநாதபுரம் கரையோர வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

தனுஷ்கோடி சாலையில் மின்கம்பத்தின் மேல் காலில் மீனோடு ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. விராலடிப்பான் என்றார்கள். அதன் கூட்டை எங்கே பார்க்கலாம்?
– வாசகி, தங்கச்சிமடம்

நம் கரையில் அது கூடு கட்டுவதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் வந்து, பங்குனி சித்திரைக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். இங்கே அதன் வேலை மீன் பிடிப்பது, ஓய்வெடுப்பது, பழைய இறகை உதிர்த்துப் புது இறகு வளர்ப்பது. முட்டை, குஞ்சு எல்லாம் வடக்கே குளிர்நாடுகளில். அரிச்சல்முனையிலும் காரங்காடு அலையாத்திக் காட்டிலும் நாம் பார்ப்பது அதன் வாழ்க்கையில் ஒரு பாதி. மறுபாதியைப் பார்க்க நமக்கு இருக்கும் ஒரே வழி நேரலை கேமராதான்.

முதலில் பறவையைச் சரியாக அடையாளம் காணுங்கள். நம் ஊரில் பலரும் செம்பருந்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை, மற்ற உடம்பு செங்கல் நிறம். விராலடிப்பானுக்கு முதுகு கரும்பழுப்பு, வயிறு வெள்ளை, கண்ணை ஊடறுத்துக் கழுத்து வரை ஓடும் கருப்புப் பட்டை. பறக்கும்போது இறக்கை மணிக்கட்டில் மடிந்து நிற்கும். மீனைத் தூக்கிப் போகையில் இரண்டு காலையும் முன்பின்னாக வைத்து, மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி பிடிக்கும். காற்றின் எதிர்ப்பு அதனால் குறைகிறது. வெளிவிரலைப் பின்பக்கம் திருப்ப முடிவதும், பாதத்தின் அடியில் முள் போன்ற சொரசொரப்பு இருப்பதும் வழுக்கும் மடவை மீனையும் நழுவவிடாமல் பிடிக்க உதவுகின்றன.

நேரலைக்கு: பிரிட்டனில் ரட்லண்ட் வாட்டர், வேல்ஸில் டவி, ஸ்காட்லாந்தில் லாக் ஆஃப் தி லோஸ், அமெரிக்காவில் மொன்டானாவின் ஹெல்கேட், மெய்ன் மாநிலத்தின் ஹாக் தீவு, இவை தவிர எஸ்தோனியாவில் கழுகு ஆர்வலர் அமைப்பு நடத்தும் கூடுகள். யூடியூபில் ஆஸ்ப்ரே (Osprey) என்ற ஆங்கிலப் பெயரோடு இடத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அந்த நாட்டு வசந்தகாலத்தில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரைதான் கூட்டில் பறவை இருக்கும். நவம்பரில் திறந்தால் வெறும் கூடுதான் தெரியும். அப்போது பறவையைக் கரையில் தேடுங்கள்.

எப்போது திறந்தாலும் இருட்டாக இருக்கிறது. எந்த நேரம் பார்க்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

கோடைகாலத்தில் பிரிட்டன் நேரம் நம்மைவிட 4½ மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு வரை 5½ மணி. மொன்டானா 11½ மணி, மெய்ன் 9½ மணி, எஸ்தோனியா 2½ மணி பின்னால்.

இந்தக் கணக்கைப் பறவையின் நாளோடு பொருத்துங்கள். கூட்டுக்கு மீன் வருவது விடியலை ஒட்டியும் மாலையிலும் அதிகம். ஜூன் மாதம் ஸ்காட்லாந்தில் விடிவது அங்கே 4½ மணி வாக்கில், நமக்குக் காலை 9 மணி. வீட்டு வேலை முடித்தவர்கள் 9 முதல் 11 வரை பிரிட்டன் கூட்டைப் பார்க்கலாம். வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு மொன்டானா நல்லது. அங்கே காலை 6 மணி என்றால் இங்கே மாலை 5½. எஸ்தோனியாவின் காலை 5 மணி நமக்கு 7½.

இரவிலும் படம் வரும், கருப்பு வெள்ளையாக. அது அகச்சிவப்பு விளக்கு. அந்த ஒளி பறவையின் கண்ணுக்குத் தெரியாததால் தூக்கம் கெடாது. முற்றிலும் இருட்டாக இருந்தால் அந்தக் கேமராவில் அகச்சிவப்பு விளக்கு இல்லை என்று கொள்ளுங்கள்.

இன்னொன்று: பழைய பதிவை ஓட்டிவிட்டு நேரலை என்று போடுகிற சேனல்களும் உண்டு. திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பாருங்கள். நம் பிற்பகல் 3 மணிக்கு மொன்டானாவில் அதிகாலை 3½. அப்போது அங்கே வெயில் அடித்தால் அது நேரலை இல்லை.

தினமும் 1½ ஜிபி டேட்டாதான். தாங்குமா?
– வாசகர், ஏர்வாடி

தாங்கும். யூடியூபில் படத்தின் தரத்தை நீங்களே குறையுங்கள். 360 என்று வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 300 எம்பி, 480க்கு 500 எம்பி, 720க்கு 1 ஜிபிக்கு மேல். கூட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய 480 போதும். பறவையின் கால் வளையத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் நேரத்துக்கு மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். நேரலையை நடத்துகிறவர்கள் அனுமதித்திருந்தால் பின்னோக்கி இழுத்தும் பார்க்கலாம். அதனால் மீன் வந்த நேரத்தை அரட்டைப் பகுதியில் படித்துவிட்டு அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் பார்ப்பது டேட்டாவுக்கு நல்ல சிக்கனம்.

எந்த மாதத்தில் என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்ல முடியுமா?
– வாசகி, பரமக்குடி

பிரிட்டன் கூடுகளை வைத்துச் சொல்கிறோம். மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கத்துக்குள் ஜோடி தனித்தனியாக வந்து சேரும். குளிர்காலம் முழுக்க இரண்டும் சேர்ந்து இருப்பதில்லை. அவற்றைச் சேர்ப்பது கூடுதான். ஆண் குச்சி கொண்டுவரும், பெண் அடுக்கும். ஏப்ரலில் முட்டை, பொதுவாக 2 அல்லது 3, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மூன்று நாள். வெளிர் நிறத்தில் செம்பழுப்புத் திட்டுகள் இருக்கும். அடைகாப்பது சுமார் 37 நாள். இரவில் பெண்தான் உட்காரும். பகலில் ஆண் சிறிது நேரம் மாற்றிவிடும், அந்த நேரத்தில் பெண் தன் மீனைத் தின்று வரும். முட்டை ஐந்து பத்து நிமிடம் திறந்து கிடந்தால் பதறத் தேவையில்லை. குளிர் மழையில் அரை மணிக்கு மேல் கிடந்தால்தான் கவலை.

மே இறுதியில் குஞ்சு. முதல் பத்து நாள் தாய் அநேகமாக எழுந்திருக்காது. அதன்பின் குஞ்சுகள் கருத்து, தோல் உலர்ந்து, பல்லியைப் போலத் தெரியும். நோய் என்று நினைத்துப் பலர் எழுதுகிறார்கள். அது இறகு முளைக்கும் கட்டம். ஐந்து ஆறு வாரத்தில் தாயின் அளவை நெருங்கும். ஏழாம் வாரம் காற்றுக்கு எதிரே இறக்கை விரித்துக் கூட்டுக்கு மேலே ஓரடி எழும்பி எழும்பி இறங்கும். எங்களைக் கேட்டால் முழுப் பருவத்திலும் பார்க்க வேண்டிய வாரம் இதுதான். ஜூலையில் முதல் பறத்தல். பறந்த பிறகும் சில வாரம் உணவுக்குக் கூட்டுக்கே வரும். ஆகஸ்டில் தாய் முதலில் தெற்கே கிளம்பும். தந்தை பின்தங்கி நின்று, குஞ்சுகள் போகும்வரை மீன் கொண்டுவரும். குஞ்சுகள் யாரும் வழிகாட்டாமல் தனியாகத்தான் போகின்றன.

கொண்டுவரும் மீனில் தலை இருப்பதில்லையே?
– மீனவர், பாம்பன்

ஆண் முதலில் ஒரு கிளையில் உட்கார்ந்து தலையைத் தின்கிறது. அதுதான் அதன் சாப்பாடு. மீதி உடல் கூட்டுக்கு. தலை போனால் மீன் துள்ளிக் குஞ்சைத் தள்ளுவதும் இல்லை. முழு மீனாக வந்தால் இரை ஏராளம் என்றோ, பெண்ணும் குஞ்சும் மிகவும் பசியாக இருக்கின்றன என்றோ கொள்ளலாம். வழக்கமாகப் பிடிக்கும் மீன் 150 முதல் 300 கிராம். பாய்ந்து மூழ்கும் ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஆகவே மேல்மட்டத்தில் மேயும் மீன்தான் அதற்கு எட்டும்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். மூன்றாவது குஞ்சு பட்டினியில் செத்துவிட்டது. பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். கேமரா வைத்தவர்கள் ஏன் காப்பாற்றவில்லை?
– ஆசிரியை, இராமநாதபுரம்

முதல் முட்டை இட்டதிலிருந்தே அடைகாக்கத் தொடங்குவதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. முதலுக்கும் மூன்றாவதற்கும் நான்கைந்து நாள் இடைவெளி இருக்கலாம். இந்த வயதில் நான்கு நாள் என்பது பெரிய வித்தியாசம். மூத்தது இளையதைப் போல இரண்டு மூன்று மடங்கு எடை இருக்கும். மீன் தாராளமாக வந்தால் மூத்தது வயிறு நிரம்பித் திரும்பிப் படுத்துவிடும், கடைசிக் குஞ்சுக்கும் கிடைக்கும். மழையிலோ பலத்த காற்றிலோ நீர்ப்பரப்பு கலங்கி மேலிருந்து மீன் தெரியாமல் போனால் வரத்து குறையும். அப்போது மூத்தது கொத்தி அடக்கும். தாய் விலக்காது. முன்னால் நீளும் அலகுக்கு ஊட்டுவதுதான் அதன் இயல்பு.

தலையிடாததற்குக் காரணம் இரக்கமின்மை இல்லை. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கூட்டில் இருக்கும் இந்தப் பறவையைத் தொந்தரவு செய்வதே குற்றம். ஏறினால் தாய் எழுந்து பறக்கும், மற்றக் குஞ்சுகள் குளிரில் கிடக்கும். ஆறு வாரக் குஞ்சு என்றால் பயத்தில் கூட்டிலிருந்து குதித்துவிடும். விதிவிலக்கும் நடந்திருக்கிறது: 2012 ஜூனில் டவி கூட்டில் புயல்மழையில் இரண்டு குஞ்சுகள் இறந்தபின், மிஞ்சிய ஒன்றுக்கு ஊழியர்கள் ஏறி மீன் ஊட்டினார்கள். அது பிழைத்துப் பறந்தது. அன்று ஏறியது சரியா என்ற விவாதம் பறவை ஆர்வலரிடையே உண்டு. எங்கள் கருத்தில், மனிதர் விட்ட நூலோ வலையோ குஞ்சின் காலில் சுற்றியிருந்தால் கட்டாயம் ஏற வேண்டும்; பசி, போட்டி இரண்டையும் பறவைகளிடமே விட வேண்டும்.

வகுப்புக்கு ஒரு யோசனை. ஜூனில் நம் பள்ளிகள் திறக்கும்போது அங்கே குஞ்சுகளுக்கு ஒன்று இரண்டு வாரம் ஆகியிருக்கும். காலை 10 மணிக்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் தேதி, நம் நேரம், அந்த ஊர் நேரம், கூட்டில் இருப்பது யார், மீன் வந்ததா, எவ்வளவு பெரிது (தாயின் பாதத்தோடு ஒப்பிட்டு), ஒவ்வொரு குஞ்சுக்கும் எத்தனை வாய் கிடைத்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். வாய்க் கணக்கு ஆராய்ச்சியாளர்களும் எடுப்பதுதான். மூன்று குஞ்சுக்கும் சமமாகக் கிடைக்கும் நாளும், ஒன்றுக்கே கிடைக்கும் நாளும் வானிலையோடு எப்படிப் பொருந்துகின்றன என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மூன்றாம் குஞ்சுக்கு ஆபத்து உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆண் எது, பெண் எது? காலில் நீல வளையம் எதற்கு?
– வாசகர், தொண்டி

பக்கத்தில் நின்றால் பெண் பெரிது. மார்பில் பழுப்பு மாலை போன்ற பட்டை அதற்கு அடர்த்தியாக இருக்கும். இரவில் கூட்டில் படுப்பது பெண், மீனோடு வந்து உடனே கிளம்புவது ஆண். குஞ்சுக்குக் கண் ஆரஞ்சு நிறம், முதுகு இறகின் நுனியெல்லாம் வெளிர் விளிம்பு. பெரிய பறவைக்குக் கண் மஞ்சள். ஐப்பசியில் தனுஷ்கோடியில் முதுகு முழுக்கச் செதில் செதிலாக வெளிர் விளிம்பு தெரிந்தால் அது அந்த ஆண்டு பிறந்து முதல் முறை வந்த பறவை.

வளையம் ஒவ்வொரு பறவையையும் தனித்தனியே அடையாளம் காண. அதைக் குஞ்சுக்கு ஐந்து ஆறு வாரத்தில் போடுகிறார்கள். பிரிட்டனில் இங்கிலாந்து, வேல்ஸ் பறவைகளுக்கு வலது காலில், ஸ்காட்லாந்துப் பறவைகளுக்கு இடது காலில். ரட்லண்ட் வாட்டரின் பெயர்பெற்ற ஆண் பறவை 33(11), அதாவது வளைய எண் 33, பிறந்தது 2011. அதன் இணை மாயாவுக்கு வளையமே இல்லை. நம் கரையில் வளையமிட்ட பறவையைப் பார்த்தால் எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்து, முடிந்தால் படத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். ஒரு எழுத்து தெரியாவிட்டாலும் ஊகித்து நிரப்பாமல் கேள்விக்குறி போட்டு அனுப்புங்கள்.

கேமராவில் பார்க்கும் அதே பறவை இங்கே வருமா?
– பள்ளி மாணவி, மண்டபம்

வராது. பிரிட்டன் பறவைகள் செனகல், காம்பியா போன்ற மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போகின்றன. சில ஸ்பெயின், போர்ச்சுகலோடு நின்றுவிடும். அமெரிக்கப் பறவைகள் நடு அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் போகின்றன. ஆனால் இனம் ஒன்றே, பழக்கமும் ஒன்றே. திரையில் கூடும் குஞ்சும் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கரையில் ஒரு பறவையின் வயதும், அது ஆணா பெண்ணா என்பதும் சட்டென்று பிடிபடும்.

வைகாசியில் காரங்காட்டில் ஒன்று பார்த்தோம். கூடு கட்டத் தங்கிவிட்டதா?
– படகோட்டி, காரங்காடு

இல்லை. இளம் பறவை பிறந்த ஊருக்கு உடனே அடுத்த வருடமே திரும்புவதில்லை. குளிர்காலத்தைக் கழித்த கரையிலேயே ஒரு கோடையைக் கழித்து, இரண்டு மூன்று வயதில்தான் வடக்கே போகும். கச்சான் காற்றுக் காலத்தில் நீங்கள் பார்க்கிற பறவை பெரும்பாலும் அப்படிப்பட்டதே. தேதியும் இடமும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பதிவு.

எங்கள் தென்னந்தோப்பில் செம்பருந்து கூடு இருக்கிறது. நாங்களும் நேரலை வைக்கலாமா?
– இளைஞர் மன்றம், உச்சிப்புளி

முதலில் வனத்துறை அனுமதி. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கூட்டுக்கும் முட்டைக்கும் சேர்த்தே பாதுகாப்பு தருகிறது. அனுமதி கிடைத்தாலும் பறவை கூட்டில் இருக்கும்போது மரம் ஏறக் கூடாது. செம்பருந்து இங்கே மார்கழி, தையில் கூட்டு வேலையைத் தொடங்கும். ஆகவே கேமரா ஐப்பசிக்குள் மேலே இருக்க வேண்டும். அதன்பின் கெட்டுப்போனால் அந்தப் பருவம் போனதுதான். டவியிலும் ரட்லண்டிலும் பறவை திரும்புவதற்கு முன்பே எல்லாவற்றையும் மாட்டி, சோதித்து முடித்துவிடுகிறார்கள்.

மின்சாரம்: கேமரா 6 வாட், 4ஜி ரௌட்டர் 5 வாட் என்று வைத்தால் நாளைக்கு 264 வாட்-மணி. நாளுக்கு 4 மணி நேர முழு வெயில், 25 சதவீத இழப்பு என்று கணக்கிட்டால் குறைந்தது 90 வாட் பேனல் வேண்டும். மேகமூட்டத்துக்காக 150 வாட் போடுங்கள். இரண்டு நாள் வெயில் இல்லாமல் தாக்குப்பிடிக்க 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலியாக்கினால் சீக்கிரம் செத்துவிடும். தோப்பில் வீடு 100 மீட்டருக்குள் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம். ஒரே லேன் கேபிளில் மின்சாரமும் படமும் போகும் பிஓஇ கேமரா போதும்.

இணையம்: 720 தரத்துக்கு நொடிக்கு 1½ மெகாபிட் என்றால் நாளொன்றுக்கு 16 ஜிபி. தினம் 2 ஜிபி சிம் காலை 3 மணிக்கே தீர்ந்துவிடும். ஃபைபர் இணைப்பு இல்லாமல் 24 மணி நேரலையைத் தொடங்காதீர்கள். கேமராவின் படத்தை ஒரு சின்னக் கணினி பெற்று யூடியூபுக்கு அனுப்ப வேண்டும். சேனலில் நேரலையை முதன்முறை இயக்கினால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும், கடைசி நாளில் ஓடாதீர்கள்.

நம் கரையில் கேமராவைக் கொல்வது உப்புக்காற்று. சாதாரணத் திருகாணி ஒரே பருவத்தில் துருப்பிடித்து உடையும். 316 தர ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். கேபிள் இணைப்பை நீர்புகாப் பெட்டிக்குள், வாய் கீழ்நோக்கி வையுங்கள். லென்ஸை வடக்கே பார்த்து வைத்தால் தை, மாசி வெயில் நேரே விழாது. அகச்சிவப்பு விளக்கு கேமராவோடு ஒட்டியிருந்தால் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸ் முன்னால் வலை பின்னும். விளக்கைத் தனியாக ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். மைக்குக்குப் பஞ்சு உறை போடாவிட்டால் காற்று இரைச்சல் மட்டுமே கேட்கும்.

இதெல்லாம் முதல் முறை செய்கிறவர்களுக்குப் பெரிய வேலை. எங்கள் பரிந்துரை: இந்த வருடம் வீட்டுச் சுவரில் சிட்டுக்குருவிப் பெட்டியில் கேமரா வைத்துப் பழகுங்கள். கெட்டால் ஏணி போட்டுச் சரிசெய்யலாம். பருந்து அடுத்த வருடம். இன்னொன்று, கூடு இருக்கும் தோப்பின் பெயரை நேரலையில் போடாதீர்கள். 1954இல் ஸ்காட்லாந்துக்கு விராலடிப்பான் திரும்பி வந்து கூடு கட்டியது. 1958இல் முட்டை சேகரிப்பவர் ஒருவர் இரவில் ஏறிக் கூட்டைச் சூறையாடினார். 1959இல்தான் காவலோடு மக்களுக்குக் கூட்டைக் காட்டத் தொடங்கினார்கள்.

தங்கூசி (நைலான் இழை) வலையில் சிக்கிய விராலடிப்பானைக் கரையில் கண்டால் என்ன செய்ய வேண்டும்?
– மீனவர், தேவிபட்டினம்

இழுக்காதீர்கள். துண்டையோ சாக்கையோ தலைமேல் போடுங்கள், இருட்டானால் அடங்கும். அலகைவிட நகம்தான் ஆபத்து, ஆகவே இரண்டு காலையும் சேர்த்துப் பிடியுங்கள். மற்றொருவர் வலையைப் பறவையிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டட்டும். தோலில் பதிந்த தங்கூசியையோ தொண்டையில் ஏறிய தூண்டில் முள்ளையோ நீங்களே உருவ வேண்டாம். காற்று ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, நிழலில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். மீனும் கொடுக்காதீர்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். இந்தப் பறவை சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம், காப்பாற்றி ஒப்படைப்பது குற்றமல்ல. நூல் இறுகிய கால் வீங்கியிருந்தால், பறக்கத் துடித்தாலும் அங்கேயே விட்டுவிடாதீர்கள். இரத்த ஓட்டம் தடைபட்ட கால் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் செயலிழக்கும், கால் இல்லாமல் இது மீன் பிடிக்க முடியாது. வெட்டிய வலைத் துண்டைக் கரையில் போடாமல் எடுத்துப் போங்கள்.